பகல் தூக்கத்துக்கு ஒரு வீடு

வீடு கட்ட நான் முதலில் வாங்கியது ஒரு மஞ்சள் டேப். தொழிற்சாலையில் புது மெஷின் வருமுன் அது நிற்கப்போகும் இடத்தைத் தரையில் அதே அளவுக்கு டேப் ஒட்டிப் பார்ப்போம். அந்த ஞானத்தோடு, பென்னலூர்ப் பக்கம் என் பாகத்துக்கு வந்த மரத்தோப்பில் பிளான் போட இறங்கினேன். சருகின் மேல் டேப் ஒட்டாது என்பது புரியவே எனக்கு அரை நாள் ஆனது. கடைசியில் மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டினேன். தோப்பு, விபத்து நடந்த இடம் போலாகிவிட்டது.

என் பிளானில் சமையலறை, ஹால், படுக்கையறை எல்லாம் ஒரே நேர்கோடு. குறுக்கே நின்ற வேம்பையும் புங்கையையும் நாவலையும் வெட்டிவிடுவதாக முடிவு. போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்த என் மனைவி நேராக அங்கே வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு. ஒரகடத்தில் நாங்கள் இருந்தது ஷீட் போட்ட வாடகை வீடு. பகலில் மேலே வெயில் காயும், வாசலில் லாரி அலறும். தூக்கமில்லாமல் முந்தின வாரம் போன் பாகங்கள் பூட்டும் லைனில் நின்றபடியே கண்ணயர்ந்துவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் லைனை விட்டு எடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த வேலை அவளுக்கு உயிர்.

டேப்பைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, வூடா, லைனா? இந்தாண்ட அரிசி போட்டா அந்தாண்ட பேக் ஆயி வருமா?"

"பெட்ரூம் கெழக்கால வச்சிக்கிறேன். காலைல நல்லா வெயில் வரும்."

"நான் படுக்கறதே காலைலதான்! மொதல்ல தூங்க ஒரு எடம் காட்டுங்க. மீதி வூட்ட எங்கயாச்சும் கட்டிக்கோங்க."

மறுநாளிலிருந்து கம்பெனி பஸ் அவளைத் தோப்போரம் இறக்கிவிட்டது. எனக்கு மதிய ஷிப்ட் என்பதால் மடக்குக் கட்டிலோடு காத்திருப்பேன். நாவலடியில் எறும்பு. வேம்படியில் சீக்கிரமே முகத்தில் வெயில். கட்டிலை அவளோடு சேர்த்து நிழலுக்கு இழுத்தேன், கட்டில் மட்டும் வந்தது. அன்று நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. ஒருவழியாக, புங்கைகள் நெருங்கி நிற்கும் இடத்தில், பக்கத்து ஏரியின் காற்றில் அசந்து தூங்கினாள். என் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவளைத் தனியே விட்டுப் போகவும் எழுப்பவும் மனம் வரவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அதுதான் படுக்கையறை. மற்ற அறைகள் மரங்களுக்கு வழிவிட்டு அங்கிருந்து வளைந்து வளைந்து போயின.

"இன்னா சார், வூட்டுக்கு இடுப்புப் புடிச்சிக்கிச்சா?" என்றார் மேஸ்திரி.

குடிவந்த முதல் நாள் காலை அவள் படுத்ததும் ஜன்னலோரப் புங்கையில் ஒரு குயில் கூவ ஆரம்பித்தது. எனக்குப் பதறியது. துண்டைச் சுழற்றி, கையைத் தட்டி, "போ! போ!" என்று மரத்தைச் சுற்றி ஓடினேன். ஜன்னல் திறந்தது.

"அது பாட்டுக்குக் கூவினு கீது. உங்க சத்தந்தான் தாங்கல. எங்கயாச்சும் போய் டீ குடிங்க!"

இன்றைக்கும் என் காலைப்பொழுது அப்படித்தான். அவள் படுத்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சருகு நொறுங்காத இடமாகப் பார்த்துப் பாதம் வைத்து, நானே கட்டிய வீட்டிலிருந்து திருடனைப் போல வெளியேறுகிறேன்.