யூனிஸ் மிஸ் கேட்காத அனுமதி

அந்தக் கல்லூரியில் மணி அடித்ததும் பையன்கள் ஓடிப்போய் இடம் பிடிப்பார்கள். பெண்கள் அப்படிப் போகக் கூடாது. ஆசிரியர் கறுப்புக் கவுனைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு வராந்தாவில் வருவார். லேடீஸ் ரூம் வாசலில் ஒரு கணம் நிற்பார். பெண்கள் வெளியே வந்து அவருக்குப் பின்னால் வரிசையாக நடந்து, வகுப்பின் ஓரத்தில் தனியாகப் போட்டிருக்கும் பெஞ்சில் உட்காருவார்கள். பாடம் முடிந்ததும் அதே போல அவர் பின்னாலேயே திரும்பி வந்து அறைக்குள் போய்விட வேண்டும். இந்தப் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்வதற்கென்று நியமிக்கப்பட்டிருந்தவள் யூனிஸ். வருஷம் 1936.

பெங்களூர் பிரேசர் டவுனில் தம்பி ஓஸ்வால்டோடு இருந்தாள். மெட்ரிக் தேறியவள். மேலே படிக்க ஆசைப்பட்ட காலத்தில் அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்தபோது, பெண்களைக் காவல் காக்கத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வந்து சேர்ந்தாள். காவலையும் காத்தாள். ஆனால் சம்பளப் பட்டியலில் இல்லாத இன்னொரு வேலையையும் தானே எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

புதிதாக வரும் பெண்ணை முதல் நாளே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வாள். எந்த வாத்தியார் வாய்க்குள்ளேயே பேசுவார், எவர் வகுப்பில் பேனா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்வாள். பையன்கள் விடும் காகித அம்பு காலடியில் விழுந்தால் அதைக் குனிந்து எடுக்காதே, மிதித்துக்கொண்டு உட்கார் என்பாள். பிறகு கடைசியாக ஒரு கட்டளை: ஒரு வாரத்துக்குள் வகுப்பில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

"எனக்கு என்ன மிஸ் கேக்கத் தெரியும்?" என்று கண்கலங்கியவர்கள் உண்டு.

"ஜன்னலைச் சாத்தலாமான்னு கேளு. அதுவும் கேள்விதான். உன் குரல் அந்த ரூமுக்குப் பழகணும்."

பிரின்சிபால் சீனிவாசராகவனிடம் எதைக் கேட்டாலும் பலிக்கும் ஒரு வார்த்தையை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாதுகாப்பு. பெண்களுக்குத் தனிக் குழாய் வேண்டும், பாதுகாப்பாக இருக்கும். அறைக்கு நல்ல பூட்டு வேண்டும், பாதுகாப்புக்கு. பக்கத்து வாசலைத் திறந்துவிட்டால் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்துவிடலாம், அதுதான் பாதுகாப்பு. அந்த வார்த்தையைச் சொன்னதும் அவர் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். வேறெந்த வழியிலும் ஒரு நாற்காலிகூட வந்திருக்காது.

ரமா வந்தது வருஷத்தின் நடுவில். அப்பா ரயில்வேயில் குட்ஸ் ஆபீஸ்காரர். திருச்சியிலிருந்து பெங்களூருக்கு மாற்றல். பி.எஸ்ஸி. படிக்கும் பெண், பாடம் ரசாயனம். அங்கே பெண்கள் கல்லூரி. இங்கே அறுபது பையன்களுக்கு நடுவில் ஒருத்தி. பிரின்சிபால் அவளைச் சேர்த்துக்கொண்டார். வகுப்புக்கு வரலாம், பிராக்டிகலைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. புதன்கிழமை மத்தியானங்களில் பையன்கள் லேபரேட்டரிக்குப் போனார்கள். ரமா லேடீஸ் ரூமில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். பிராக்டிகலுக்கு வருகை இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் பரீட்சைக்கு உட்கார விடாது.

"ஹிஸ்டரிக்கு மாத்திக்கோன்னு சொல்றார் மிஸ்" என்றாள் ஒரு நாள். "நேக்கு ஹிஸ்டரி வேண்டாம். இந்த வருஷம் போச்சுன்னா அப்பா படிப்பையே நிறுத்திடுவார். ஜாதகம் எடுத்து வெச்சாச்சு."

யூனிஸ் வழக்கம் போலப் பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பொண்ணுக்கு லேப்ல ஒரு மூலையை ஒதுக்கித் திரை போட்டுக் கொடுங்க. பாதுகாப்பா இருக்கும்."

சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இப்போ அங்கே பாதுகாப்பு இல்லேங்கறேள்."

"அப்படியில்ல சார்..."

"நீங்களேதானே சொல்றேள்? ஆசிட், நெருப்பு, தடிப்பசங்க. நீங்க சொன்னேளேன்னு பூட்டுப் போட்டேன், தனி வாசல் வெச்சேன். இப்போ ஆபத்தான இடத்துக்கு நானே ஒரு குழந்தையை அனுப்பணுமாக்கும்? அவ அப்பா நாளைக்கு என்னைக் கேக்க மாட்டாரா? ஹிஸ்டரி எடுத்துக்கச் சொல்லுங்கோ. நல்ல சப்ஜெக்ட்."

அவள் வெளியே வந்தாள். தான் தைத்த சட்டையே தன் கையை மடக்க விடாமல் பிடித்துக்கொண்டது போல இருந்தது. இத்தனை நாளும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிக் குழாயும் பூட்டும் வாங்கினாள். அதே வார்த்தை அந்தப் பெண்களைச் சுற்றி ஒரு சுவராக எழும்பிக்கொண்டிருந்ததை அவள் பார்க்கவில்லை. கோபம் பிரின்சிபால் மேல் பாதி, தன் மேல் பாதி. தன் மேல் இருந்த பாதிதான் அதிகம் சுட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஓஸ்வால்டிடம் சொன்னாள்.

"இனிமே கேக்கப் போறதில்ல. கூட்டிட்டே போயிடப் போறேன்."

"வேலை போச்சுன்னா?" என்றான் அவன், ரொட்டியைச் சாம்பாரில் தோய்த்தபடி.

"போகட்டும். தையல் மிஷின் எங்கயும் போகல."

"உனக்கென்னக்கா? சபையில எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக் கேப்பாங்க, உங்கக்கா ஏன் வீட்ல இருக்குதுன்னு."

"கேட்டா, ஆம்பளைங்க கூடச் சேர்ந்து கெட்டுப் போயிட்டாள்னு சொல்லு. போய் கையைக் கழுவு."

கல்லூரியில் ஒரு விதி இருந்தது. வகுப்பில் இல்லாத நேரத்தில் பெண்கள் லேடீஸ் ரூமில், மேற்பார்வையாளரின் கண்முன் இருக்க வேண்டும். ரமாவோடு அவள் போனால் மற்றப் பெண்கள் தனியே இருப்பார்கள், அது குற்றம். அவர்களோடு இருந்தால் ரமா போக முடியாது. புதன்கிழமை மத்தியானம் யூனிஸ் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, அறை வாசலில் தொங்கிய லேடீஸ் ரூம் பலகையைக் கழற்றினாள்.

"எல்லாரும் புஸ்தகத்தை எடுத்துக்கங்க. ரூம் நகருது" என்றாள்.

வராந்தாவில் அவர்களுக்கு முன்னால் எந்த ஆசிரியரும் நடக்கவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யூனிஸ் நடந்தாள். பின்னால் பதினொரு பெண்கள். கடைசியில் வந்த டோரீன், கோல்ஸ் பார்க் பக்கத்துப் பெண், வாய்த் துடுக்குக்காரி. "மிஸ், லேபுக்குப் போனா எனக்கும் ஒரு பி.எஸ்ஸி. குடுப்பாங்களா?" என்றாள்.

"நாத்தம்தான் குடுப்பாங்க. வா."

லேபரேட்டரி அட்டெண்டர் மதலைமுத்து கதவை மறித்துக்கொண்டு நின்றான். "என்னம்மா இது, ஊர்கோலம்? பெரியவர் கேட்டா என் சீட்டைக் கிழிச்சுடுவாரே."

"உன்னை யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு ஆணி இருந்தாக் குடு."

"ஆணியா?"

"பலகையை மாட்டணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே போய் ஆணியோடு சுத்தியலையும் கொண்டுவந்தான்.

உள்ளே அழுகிய முட்டை நாற்றம். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் ஓரத்து பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பின்னாலிருந்து ஒருவன் சீழ்க்கை அடித்தான். இன்னொருவன், "பஜனைக்கு வந்திருக்காங்கடா!" என்றான்.

"நீதான் மிருதங்கமா? முதுகைக் காட்டு, தட்டறோம்" என்றாள் டோரீன். அவனைச் சுற்றியிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

லெக்சரர் கஸ்தூரிரங்கன் சிறுவயசுக்காரர், பெண்களைப் பார்த்தால் கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறவர். யூனிஸ் அவரிடம், "இந்தப் பொண்ணு உங்க ஸ்டூடண்ட் சார். எங்க நிக்கணும்னு சொல்லுங்க" என்றாள். அவர் காலியாக இருந்த மேஜையைக் கையால் காட்டினார்.

ரமா நின்றாள். காஸ்டிக் சோடா கரைத்த நீரைப் பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழலில் வாயால் உறிஞ்சி அளந்து குடுவையில் விட வேண்டும். அவள் குழலைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். திருச்சியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பெயர் எழுதிய குழல் தனியாக இருந்தது. இது அறுபது பேர் வாய் வைத்த குழல். தண்ணீர்ச் செம்பைக்கூட உதட்டில் படாமல் தூக்கிக் குடிக்கும் வீட்டில் வளர்ந்தவள். உதட்டுக்கும் குழலுக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு உறிஞ்சிப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. பையன்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

யூனிஸ் எழுந்திருக்கவில்லை. எழுந்து போய் உதவினால், உதவி இல்லாமல் இவளால் நிற்க முடியாது என்று ஆகிவிடும். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் பிரின்சிபால் வந்தார். வாசலில் பலகையை நின்று படித்துவிட்டு உள்ளே வந்திருக்க வேண்டும், முகம் சிவந்திருந்தது.

"யாரைக் கேட்டுண்டு இவாளை இங்கே அழைச்சுண்டு வந்தேள்?"

"யாரையும் கேக்கல சார்" என்று எழுந்து நின்றாள் யூனிஸ்.

"அனுமதி இல்லாம..."

"கேட்டா இல்லன்னு சொல்வீங்க. அதான் கேக்கல. பொண்ணுங்க லேடீஸ் ரூம்ல என் கண்ணு முன்னாடி இருக்கணும். இருக்காங்க. ரூம் இங்க இருக்கு."

"வேடிக்கையா? ஏதாவது ஆச்சுன்னா யார் ஜவாப்?"

"பசங்களுக்கு ஆச்சுன்னா யாரோ அவங்கதான் சார். போன மாசம் ஒருத்தன் கையைச் சுட்டுக்கிட்டான். அவனை ஹிஸ்டரிக்கு மாத்தலியே."

பையன்களில் யாரோ கனைத்தார்கள். சீனிவாசராகவன் குரலை இறக்கினார். "உங்க உத்தியோகத்தை நெனச்சுப் பேசுங்கோ. இந்த க்ஷணமே எல்லாரையும் வெளியே அழைச்சுண்டு போங்கோ."

"நான் கூட்டிட்டுப் போக மாட்டேன் சார். வேணும்னா நீங்க ஒவ்வொருத்தரையா வெளியே அனுப்புங்க. ரமா பேர்லேர்ந்து ஆரம்பிங்க."

அவர் ரமா பக்கம் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குழலின் நுனியைப் புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தாள். வாயில் வைத்து உறிஞ்சினாள். வேகமாக உறிஞ்சியதில் சோடா நீர் நாக்குவரை ஏறிவிட்டது. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள், கொப்பளித்தாள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி வந்து மறுபடி உறிஞ்சினாள். இந்தத் தடவை அளவுக் கோட்டில் நின்றது.

குடுவையில் ஒரு சொட்டு மருந்து விட்டதும் நீர் ரோஜா நிறமாக மாறியது. மேலேயிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நிறம் போகும் வரை பையன்கள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரின்சிபாலும் நின்று பார்த்தார். ஒரு பெண்ணின் கையிலிருந்து கண்ணாடிப் பாத்திரத்தைப் பிடுங்கி வெளியே துரத்தும் மனிதர் அல்ல அவர். அது யூனிஸுக்குத் தெரிந்திருந்தது.

கஸ்தூரிரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு வருகைப் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். வழக்கமாகக் கடைசியில்தான் கூப்பிடுவார். பையன்கள் பெயர் வரிசையாக வந்தது. முடிந்தது. அவர் ஒரு மூச்சு நிறுத்தினார். பிரின்சிபால் பக்கத்திலேயே நின்றார்.

"ரமா" என்றார், முதல்முறையாகக் கரும்பலகையைப் பார்க்காமல்.

"பிரசன்ட் சார்."

அந்தக் குரல் ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்கும் குரலாக இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் லேடீஸ் ரூம் நகர்ந்தது. தடுத்து உத்தரவு எதுவும் வரவில்லை, சம்மதித்தும் வரவில்லை. யூனிஸுக்கு மட்டும் மெமோக்கள் வந்தன. பலகையைக் கழற்றியது ஏன், ஆணி அடித்தது ஏன். எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதினாள்: வேலை இருந்ததால். ரமா பரீட்சைக்கு உட்கார்ந்தாள், இரண்டாம் வகுப்பில் தேறினாள். கல்லூரி நிர்வாகம் அந்த வருஷ முடிவில் மேற்பார்வையாளர் வேலைக்கு வேறொரு அம்மாளை நியமித்தது. யூனிஸுக்கு நன்றி தெரிவித்து இரண்டு வரி வந்தது.

ஜூனில் கல்லூரி திறந்த நாள். தூறல். பக்கத்து வாசலுக்கு வெளியே, ரோட்டு ஓரத்தில் குடையோடு யூனிஸ் நின்றுகொண்டிருந்தாள். வாட்ச்மேன் சங்கடத்தோடு வந்தான்.

"பேடா அம்மாவரே, வேண்டாம்மா, உள்ள விடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்களுக்கு இங்க வேலை இல்லையாமே."

"உள்ள யாருப்பா வரேன்னா? ரோடு உங்க காலேஜோடதா?"

"இல்ல, மழையில எதுக்கு நின்னுக்கிட்டு..."

"வேலை இல்லாததுதான் சௌகரியம். இனிமே எனக்கு எவனும் மெமோ குடுக்க முடியாது."

ஒரு ஜட்கா வந்து நின்றது. டிரங்குப் பெட்டியோடு ஒரு பெண் இறங்கி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழித்தாள். யூனிஸ் குடையை அவள் தலைக்கு மேலே நீட்டினாள்.

"புதுசா? ஆர்ட்ஸா, சயின்ஸா?"

"சயின்ஸ்."

"நல்லது. வா, இப்படி ஓரமா நில்லு. உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் சொல்றேன்."