மூடியின் மேல் நின்றவள்

லவோன் டெஷ் எங்கள் எதிர்ப்பண்ணைக்காரி. வாட்டசாட்டமான பெண். கொட்டகையில் அவள் குரல் எழுந்தால் சாலைக்கு இந்தப் பக்கம் என் மாடுகள் காதை நிமிர்த்தும். கணவன் வெர்லின் நேர்மாறு. வேலையைவிடக் கேலிப் பேச்சில் கெட்டிக்காரன். ஒரே மகன் டரெல். விஸ்கான்சினில் சின்னப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மாடுகளை ஏலம் விட்டுக்கொண்டிருந்த காலத்திலும் அந்த மூவரும் விடாமல் பால் கறந்தார்கள்.

அப்போதுதான் டென்மார்க்கிலிருந்து மெரேட்டா என்ற ஆராய்ச்சிக்காரி வந்தாள். சாணியிலிருந்து எவ்வளவு மீத்தேன் காற்றில் கலக்கிறது, அதே சாணியை வயலில் விட்டால் மண்ணில் எவ்வளவு கரிமம் தங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். அவள் நாட்டிலும் நியூசிலாந்திலும் உருகுவேயிலும் இதே அளவுப் பெட்டிகள், இதே முறை. இங்கே அதற்கு இடம் கொடுத்தவன் வெர்லின்.

"ஏம்மா, எங்க மாடு விடற ஏப்பத்த எண்றதுக்கா கடல் தாண்டி வந்தே?" என்றான் முதல் நாளே.

"ஏப்பத்த நியூசிலாந்துக்காரங்க பாத்துக்கறாங்க. என் தலைல வந்து விடிஞ்சது பின்பக்கம்."

வெர்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்த வெள்ளிக்கிழமையே அவளை ஊர் மதுக்கடைக்கு மீன் வறுவல் சாப்பிடக் கூட்டிப் போய், "எங்க வீட்டு நாத்தம் புடிக்கிற டாக்டரு" என்று மேசைக்கு மேசை அறிமுகம் செய்தான்.

கொட்டகையை ஒட்டித் தரைக்கடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. சாணி முதலில் அதில்தான் விழும். பம்பு அங்கிருந்து வெளியே உள்ள சாணிக் குளத்துக்குத் தள்ளும். ஆள் இறங்க ஒரு துவாரம், அதற்கு இரும்பு மூடி. மெரேட்டாவின் அளவுப் பெட்டி ஒன்று உள்ளே மிதந்துகொண்டிருந்தது. ஆகஸ்டில், இலை அசையாத ஒரு முற்பகலில், சாணியைக் கலக்கி இறைத்துக்கொண்டிருந்தபோது பெட்டியின் குழாய் பம்பில் சுற்றிக்கொண்டது. பம்பு நின்றுவிட்டது.

"விட்டுடுங்க வெர்லின்," என்றாள் மெரேட்டா. "இப்பதான் கலக்கியிருக்கு. உள்ள விஷவாயு நெறஞ்சிருக்கும். குழாய் போனாப் போவுது."

"மூச்ச அடக்கிக்கிட்டு எறங்கி ஒரே இழுப்பு. நான் பொறந்து வளந்ததே இந்த நாத்தத்துலதான்."

அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு இறங்கினான். பாதி ஏணியில் அவளைப் பார்த்து ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தான். கை நழுவி, கட்டையாக விழுந்தான்.

அவள் போட்ட கூச்சலில் வீட்டிலிருந்து லவோனும், டிராக்டர் கொட்டகையிலிருந்து டரெலும் ஓடி வந்தார்கள். லவோன் முந்திவிட்டாள். பக்கத்து மாவட்டத்தில் இப்படித்தான் ஒரு அப்பன் தொட்டியில் விழ, அவனைத் தூக்க மகன் இறங்க, மகனைத் தூக்க மருமகன் இறங்க, மூன்று சவப்பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அந்தச் சாவுக்குப் போய் வந்தவள் அவள். குனிந்து ஒருமுறை உள்ளே பார்த்தாள். மூடியை இழுத்து அடைத்து அதன்மேல் ஏறி நின்றாள்.

"தள்ளும்மா! அப்பா உள்ள இருக்காரு!"

"தெரியும்டா."

"தள்ளுன்னு சொல்றேன்ல!"

"நீ எறங்குனா ரெண்டு பொணம். தீயணைப்புக்காரங்க முகமூடியோட வரட்டும்." மெரேட்டா அதற்குள் அவர்களைப் போனில் கூப்பிட்டிருந்தாள்.

நான் சாலையைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது டரெல் தாயின் முகத்தில் குத்திக்கொண்டிருந்தான். அவள் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது; கால் மட்டும் மூடியைவிட்டு நகரவில்லை. மெரேட்டா சேற்றில் கிடந்தபடி அவன் கால்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து அவன் இடுப்பைப் பிடித்தேன். தீயணைப்பு வண்டி வரும்வரை மூன்று பேருமாக அவனை அப்படியே வைத்திருந்தோம். வெர்லினைப் பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் சாப்பாடு. வெளிநாட்டுக்காரியின் குழாய்தான் ஆளைக் கொன்றது என்று யாரோ முணுமுணுத்தார்கள். லவோன் வீங்கிய உதட்டோடு எழுந்தாள். "அந்தப் பொண்ணு வேண்டாம்னுதான் சொல்லிச்சு. கேக்காதது என் புருஷன்."

"எங்கப்பா மேல மூடியப் போட்டு மிதிச்சவ நீ," என்றான் டரெல், எல்லார் முன்னாலும்.

இலையுதிர்காலத்தில் அவன் வடக்கு டகோட்டா எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலைக்குப் போய்விட்டான். மாடுகள் ஏலத்தில் போயின. ஆராய்ச்சியை நிறுத்திவிடலாம் என்று மெரேட்டாவின் மேலிடத்தில் சொன்னார்கள். லவோன் சம்மதிக்கவில்லை. "இப்ப மூட்ட கட்டிட்டுப் போனா, எதுக்குடா செத்தான்னு ஊரு கேக்கும். மண்ணையாவது அளந்து முடி," என்றாள் அவளிடம்.

அளந்து முடித்தார்கள். கடைசியில் எல்லா நாட்டுக்காரர்களும் அந்தப் பண்ணைக்கே வந்து கூடினார்கள். இனி எந்த நாட்டிலும் மூடிய தொட்டிக்குள் கருவி வைக்கக்கூடாது, வைக்கத்தான் வேண்டுமென்றால் கயிற்றால் மேலிருந்தே இழுத்தெடுக்க வேண்டும் என்று பொது விதி செய்து லவோனுக்குப் படித்துக் காட்டினார்கள்.

"முன்னாடியே எழுதியிருக்கலாமே," என்றாள்.

படித்தவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சில குளிர்காலங்கள் கழித்து டரெல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். லவோன் வீட்டு வெப்ப உலையைச் சரிபார்க்க நான் போயிருந்த நாள் அது. உருளைக்கிழங்கும் சாசேஜும் வறுத்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"அம்மா, நீ மேல நின்னப்ப… அப்பா சத்தம் குடுத்தாரா?"

"இல்ல."

"நெஜமா?"

"முதல் மூச்சுலயே போயிட்டாருன்னு டாக்டர் சொல்லலியா? ஒரு சத்தமும் இல்லடா."

அவன் மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கினான். தலையைத் தடவப் போன அவள் கை பாதியில் நின்றது. பிறகு முதுகில் வைத்தாள்.

நான் உலைக்கு முன் குந்தியபடி தலையைத் திருப்பவில்லை. டென்மார்க்குக்குத் திரும்பும் முன் மெரேட்டா அழுதுகொண்டே என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள்: மூடியை அடைத்த பிறகு அடியிலிருந்து ஒருமுறை இரும்பு தட்டும் சத்தம் கேட்டது. சிக்கி நின்ற பம்பு அசைந்ததாகவும் இருக்கலாம். அவளும் லவோனும் அதைக் கேட்டார்கள்; கத்திக்கொண்டிருந்த டரெலுக்குக் கேட்கவில்லை. லவோன் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் அழுத்தி நின்றாளாம்.

டரெல் மறுநாள் கிளம்பிப் போனான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறான். வானிலை, அவன் குழந்தையின் சளி, அவ்வளவுதான் பேச்சு. லவோன் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறாள். நிலத்தைச் சோளத்துக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். போன பனியில் கொட்டகைக் கூரை உள்வாங்கிவிட்டது. இடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்," என்றாள்.