மஞ்சள் நீலமானால்

மீனைச் சட்டியில் போட்டு மூடியாகிவிட்டதா, மனிதர் உடனே மூடியைத் திறந்து அதன் உள்பக்கம் பொட்டு அளவு மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டிவிடுவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போல நிற்பார். மஞ்சளாகவே இருந்தால் மீன் அடுப்புக்கு, நீலமானால் குப்பைக்கு. "மீன் கெட ஆரம்பிச்சா அமீன்னு ஒரு ஆவி வரும். அது பட்டா தாள் நீலமாயிடும். அப்புறம் பேச்சே கிடையாது" என்பார்.

மீன் பதப்படுத்தும் கம்பெனியின் ஆய்வகத்தில் இந்தத் தாளைத் தயாரிப்பதுதான் அவர் உத்தியோகம். உத்தியோகம் வாசலோடு நிற்க வேண்டாமா? பாலுக்கு, பருப்புக்கு, ஒருமுறை மாமனாரின் காலுறைக்குக்கூட ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரிவதில்லை. பாவம் என்று மனைவியும் பொறுத்துக்கொண்டாள். ஆனால் வீட்டில் அவளுக்கும் ஒரு மூக்கு இருக்கிறதே! "நான் மோந்து பாத்துட்டேங்க, நல்லாத்தான் இருக்கு" என்றால், "உன் மூக்கு நிறம் மாறுமா?" என்று கேட்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று அவளுடைய அண்ணன் சாப்பிட வருகிறார். போன முறை மீனைக் கொட்டிவிட்டு அவருக்கு முட்டையைப் பொரித்துப் போட்டதில் அவள் மானமே போயிற்று. இந்த முறை விடியுமுன் துறைமுகத்துக்கே போய் வாங்கி வந்திருந்தாள். மச்சான் வருகிறாரே என்று தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்த மனிதர், ஈரத் தலையோடு சட்டிமேல் குனிந்தார். தாள் நீலமாகிவிட்டது.

"கொட்டிடு."

"கொட்டினா நானும் அண்ணனோடவே கிளம்பிடுவேன். ஒரு தடவையாவது என் பேச்சை நம்பியிருக்கீங்களா?"

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் இன்னொரு தாளை உரித்தார். யோசனையில் அந்தக் கையாலேயே காதோரம் சொறிந்தார். சட்டிக்கு வருமுன்னே விரல் நுனியில் அதுவும் நீலமாகிவிட்டது.

சாயத்தில் அமோனியா! "அமோனியா பக்கத்துல வைக்காதீங்க, தாள் ஏமாந்துடும்" என்று கம்பெனி முழுக்கப் பாடம் நடத்துகிறவர் தன் தலையை மறந்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. போன முறையும் மச்சானுக்காகச் சாயம் பூசியிருந்தாரே!

"அப்போ, அன்னைக்குக் கொட்டின மீனு?"

வாசலில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் தாள் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டியை இரண்டு கைகளாலும் தூக்கி அவள் மூக்கருகே பிடித்தார்.