வேட்டைக் குடிலின் விறகு

போன மாதம் இறந்த என் தம்பி எர்ச்சிமைப் பற்றிப் பேசுகிறவர்கள், சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரிலிருந்து, குளிர்காலத்தில் லாரிகள் ஓடும் உறைந்த ஆற்றின்மேல், அவன் ஒன்பது நாள் தனியாகச் சைக்கிளில் ஊர் வந்து சேர்ந்ததைத்தான் சொல்கிறார்கள். எட்டாம் நாளை யாரும் சொல்வதில்லை.

வழியிலுள்ள வேட்டைக் குடிலில் தங்குகிறவர், கிளம்பும்போது அடுத்து வருகிறவருக்குக் காய்ந்த விறகு வைத்துவிட்டுப் போக வேண்டும். அதை நம்பித்தான் மைனஸ் ஐம்பது குளிரில் அவன் அங்கே போனான். அடுப்பில் சாம்பல் மட்டும் இருந்தது. பக்கத்தில் எங்கள் அண்ணன் துலுஸ்தானின் சிகரெட் பெட்டி கிடந்தது. தம்பி வருவது அண்ணனுக்குத் தெரியும்.

எர்ச்சிம் படுக்கைப் பலகையை உடைத்து எரித்தான். அதற்குள் இரண்டு விரல்கள் குளிரில் உறைந்து கறுத்துவிட்டன.

ஊர் எல்லையில் அண்ணன்தான் முதலில் கட்டிப்பிடித்தார். “வந்துட்டியேடா! இனியாவது அந்த இரும்பைப் போட்டுட்டு ஒரு குதிரை வாங்கு!”

“அண்ணே, குடில்ல விறகு இல்ல.”

அவர் சிரித்தார். “நீ பாதியிலயே லாரி ஏறிடுவேன்னு நெனச்சேன்டா.”

விரல்களை எடுத்த காயம் ஆறியதும், எர்ச்சிம் புதுப் பலகையும் விறகும் கொண்டுபோய் அந்தக் குடிலில் வைத்தான். அதன்பின் அண்ணனோடு வேட்டைக்குப் போகவே இல்லை. அண்ணனும் ஒவ்வொரு குளிர்காலமும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தார்.