வெள்ளிக்கிழமையும் நிரம்பிப்போன பூட்டும்

நேற்று அலுவலகத்தில் ஒரு கணினி, புதுப்பிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ‘பூட் பகுதியில் இடமில்லை’ என்று திரையில் ஒரு வரி. பக்கத்தில் இருந்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் மூக்கில் ஏலக்காய் வாசம் ஏறியது. கோயம்புத்தூரில், ஏசி அறையில், ஏலக்காய்க்கு எங்கே போவது? மூக்குக்கும் ஞாபகசக்தி உண்டு போலிருக்கிறது.

படிப்பை முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணினி பார்ப்பது. சிலமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் போவேன். ஒரே மாதத்தில் என் துணி, தலைமுடி, கைப்பை எல்லாம் மணக்க ஆரம்பித்துவிட்டன. டிபன் பாக்ஸில் கொண்டுபோன தயிர்ச்சோறு, மத்தியானம் திறந்தால் பாயசம் மாதிரி மணக்கும். சாயங்காலப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர்கள், “என்னம்மா, வீட்டுல விசேசமா?” என்பார்கள். விசேஷம் வைக்கத்தான் அம்மா என் ஜாதகத்தோடு காத்திருந்தாள். கையில் வேலை இருக்கும்வரை அவளால் வாய் திறக்க முடியாது. அதனால் அந்த வேலையை நான் உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தேன்.

கடைக் கணினியில் வைரஸ் குடும்பத்தோடு குடியேறியிருந்தது. நான்தான் முதலாளியிடம் மன்றாடி லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றினேன். இலவசம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. “சும்மா குடுக்குறான்னா அதுல ஏதோ சொத்தை இருக்கு ஆத்தா” என்றார். எப்படியோ சம்மதித்தார்.

முதலாளி நல்ல மனுஷர். ஆனால் எதையும் வெளியே தள்ள மாட்டார். ஓடாத கடிகாரம், கால் ஒடிந்த நாற்காலி எல்லாம் கிட்டங்கியில் பத்திரமாக இருந்தன. அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம். பெண்கள் காய் பொறுக்கிய தூசியும் காம்பும்கூட அன்றைக்கு வாசலைத் தாண்டக்கூடாது, லட்சுமி கூடவே போய்விடுவாளாம். விற்பனைக்குப் போகும் மூட்டைக்கு மட்டும் விதிவிலக்கு. லட்சுமிக்கும் வியாபாரம் தெரியும்தானே!

கணினிக்கு உள்ளே எல்லா வேலையையும் மேய்க்கிற கங்காணி ஒருவர் உண்டு, பெயர் கர்னல். லினக்ஸில் புதுக் கங்காணி வந்தாலும் பழையவர் உடனே கிளம்பமாட்டார். ஆபத்துக்கு உதவுவார் என்று கணினி அவரைப் பக்கத்திலேயே வைத்திருக்கும். இவர்கள் தங்குவதற்கு ஹார்ட் டிஸ்க் எனும் வட்டில் ஒரு சின்ன அறை, அதுதான் பூட். அவ்வப்போது பழையவர்களை நான் அனுப்பியிருக்க வேண்டும். முதலாளியோடு பழகிய தோஷம், எனக்கும் கை வரவில்லை. அறையில் அரை டஜன் கங்காணிகள் சேர்ந்துவிட்டார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் ஏலம். மலைக்கு அந்தப்புறம் கேரளத்துப் பூப்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஜீப்பில் லோடு இறக்கியிருந்தார். சாம்பிள் பைகளில் அச்சடித்த சீட்டு ஒட்டிச் சாயங்காலத்துக்குள் ஏல மையத்தில் சேர்க்க வேண்டும். அன்றைக்குப் பார்த்தா பழைய பிரிண்டர் உயிரை விட வேண்டும்? தேனியிலிருந்து புதியது வந்து இறங்கியது. அதற்கான மென்பொருளை ஏற்றப் போனால், கணினி மறுத்துவிட்டது. முந்தின நாள் வந்த புதுக் கர்னல், பூட்டில் இடமில்லாமல் பாதியில் நின்றிருந்தது. அதை முடிக்காமல் வேறு எதையும் உள்ளே விடமாட்டேன் என்றது.

“மோளே, கழிஞ்ஞோ? முடிஞ்சுதா? மூடல்மஞ்சு எறங்குறதுக்குள்ள நான் போடிமெட்டு ஏறணும்” என்று, தன் பைகளில் சீட்டு ஒட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகக் காத்திருந்த தோட்டக்காரர் வாசலில் நின்றார்.

“பழைய கர்னலை அழிச்சாப் போதும், அஞ்சு நிமிசம்” என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

முதலாளி பதறிப்போனார். “வெள்ளிக்கெழமையும் அதுவுமா பழசை வெளிய தள்ளுறதா? நாளைக்குச் செய்யி.”

“நாளைக்கு ஏலமே முடிஞ்சுரும் மொதலாளி.”

“அதெல்லாம் தெரியாது. சீட்டு வரலன்னா திங்கக்கெழமை பழைய கம்ப்யூட்டர் ஆளையே கூப்புட்டு அந்த வைரஸையே போட்டுக்குறேன். நீ வேற சோலி பாரு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேறு சோலி என்றால் என்ன? அம்மா, ஜாதகம், அவள் பார்த்துவைத்த தேவாரம் ஊர் மாப்பிள்ளை. அவரிடம் நிலம் இருந்தது, யானை வந்து தின்றது போக மிச்சத்தில் விளைச்சலும் இருந்தது. எனக்குத்தான் மனசு இல்லை.

அந்த நேரம் மின்விசிறிக் காற்றில் தூசிக்குவியல் பறந்து முதலாளி வேட்டியில் அப்பியது. அவர் எரிச்சலோடு குவியலைக் காலால் ஒதுக்கிச் சுவரோரம் தள்ளினார்.

“இப்பத் தள்ளுனீங்களே?” என்றேன்.

“இது எடம் மாத்துறது. வாசப்படி தாண்டலைல்ல?”

அது போதாதா எனக்கு? “நானும் எடம்தான் மாத்தப்போறேன். வட்டுல பக்கத்துலயே பெரிய அறை ஒண்ணு சும்மா கெடக்கு” என்றேன்.

முதலாளி சுவரோரக் குவியலையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். காய் பொறுக்குகிற பெண்கள் கை நிறுத்திப் பார்த்தார்கள். “வடக்குப் பக்கமா வையி” என்றார் கடைசியில். வட்டுக்கு ஏது வடக்கு? பயபக்தியோடு தலையாட்டினேன். ஓடிக்கொண்டிருந்த கர்னலை மட்டும் தொடாமல் மற்றவர்களின் மூட்டைமுடிச்சை நகர்த்தினேன். பூட்டில் இடம் பிறந்தது, பாதியில் நின்றது முடிந்தது, பிரிண்டர் கர்புர்ரென்று சீட்டைத் துப்பியது. பனிமூட்டம் இறங்குமுன் ஜீப் கிளம்பிவிட்டது. மறுநாள் காலையில், “இன்னைக்கு அழிச்சிரட்டுமா?” என்றேன். “என்ன தீனியா கேக்குது? கெடக்கட்டும்” என்றார்.

எந்த வேலைக்காக அன்று கண் கலங்கினேனோ, அதைச் சில வருஷத்தில் நானே விட்டேன். கோவையில் வேலை, அதோடு எனக்குப் பிடித்த மாப்பிள்ளையும். அடுத்த பொங்கலுக்குக் கடைக்குப் போனபோது, என் இடத்தில் இருந்த பெண் கணினியைத் திறந்தாள். உள்ளே நுழைவோர் பெயர்ப்பட்டியலில் இன்னும் முதலில் என் பெயர். “எடுத்துரலாம்னு கேட்டேன்க்கா. மொதலாளிதான், ஆளு போனா என்ன, பேரு இருந்துட்டுப் போகுதுன்னாரு” என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன்.

முதலாளி இறந்தபின் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டார்கள். கணினி எடைக்குப் போயிருக்கும். இப்போது என் வேலைகளில் ஒன்று, அலுவலகத்தைவிட்டு விலகுபவர்களின் பெயரை அன்றைக்கே எல்லாக் கணினிகளிலிருந்தும் நீக்குவது. முகம் தெரியாத எத்தனையோ பேரை நீக்கியிருக்கிறேன். யாராவது வந்து பக்கத்தில் நின்று, வேண்டாம் ஆத்தா என்று தடுப்பார்களா என்று ஒரு கணம் விரல் தயங்கும். யாரும் வருவதில்லை.