நான் மாற்றி வைத்த வாக்குத்தத்த அட்டை

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில், புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்ததும் வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகள் இருக்கும் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த வசனத்தை நம்பித்தான் வருஷத்துத் திட்டமெல்லாம் போடுவோம்.

போன வருஷம், "எனக்கும் நீயே எடு" என்றார் என் கணவர். வியாதியில் கிடந்தாலும் கர்த்தர் தாங்குவார் என்று வந்தது. பயந்துபோய் அதைப் பீரோவில் புடவைகளுக்கடியில் ஒளித்துவிட்டு, வீட்டை ஆசீர்வதிக்கும் வசனம் ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தேன். சந்தோஷமாக ஜோகுபாளையத்தில் வீடு கட்ட நாள் குறித்தார்.

ஜூனில் அவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. "என் வசனத்தை வாசி" என்றார். நான் கொடுத்திருந்ததை வாசிக்க மனசு வரவில்லை. ஒளித்ததை எடுத்து வாசித்தேன்.

"இதையா இத்தனை நாள் மறைச்சே?"



இப்போது யாருக்காகவும் நான் அட்டை எடுப்பதில்லை. இந்தப் புத்தாண்டில் டப்பாவை அவரிடமே நீட்டினேன். இடக்கையால் ஒன்றை எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார். என்ன வந்தது என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.