கையெழுத்து நன்றாக இருந்த புகார்

"அக்கா, நான் உங்களத் தப்பாத் தொட்டேனா? நீங்களே சொல்லுங்க."

போன மாதம் விசாரணைக்குப் போயிருந்தபோது, வராந்தாவில் நின்ற ஒரு போலீஸ்காரர் என்னிடம் இப்படிக் கேட்டார். என் தம்பி வயதுதான் இருக்கும். மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு. நான் குனிந்து மகளின் ஹேர்கிளிப்பைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் மூன்று வயது மகளுக்குக் குறுக்குத்துறை முருகன் கோயிலில் காது குத்து. மடியில் உட்கார்த்தி வைக்க வேண்டிய தாய்மாமன், என் அண்ணன், கம்மலோடு அங்கே காத்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம். பாளையங்கோட்டையில் வீட்டைவிட்டு நாங்கள் இறங்கும்போதே மணி பத்து. பிள்ளைக்கு இரண்டாவது தடவை பாவாடை மாற்றி நேரத்தைக் கெடுத்தவள் நான்தான்.

என் கணவர் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, நடுவில் சந்தனம் வைத்திருந்தார். ஹெல்மெட்டை எடுத்தவரிடம், "விபூதி அழிஞ்சிரும். கையில மாட்டிக்கிடுங்க, கோயிலுக்குத்தான போறோம்" என்றேன். இவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு நான் சொன்னபடியே முழங்கையில் மாட்டிக்கொண்டார். நான் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என்று எத்தனை முறை நினைத்தேனோ தெரியாது.

வண்ணார்பேட்டையில் வாகனச் சோதனையில் எங்கள் பைக்கை நிறுத்தினார்கள். வராந்தாவில் என்னிடம் கேட்ட அதே போலீஸ்காரர்தான். மரியாதையாகத்தான் பேசினார். "ரெண்டே நிமிசம் சார், பேர் எழுதிக்கிடுதேன், போயிரலாம்" என்றார். என் கணவர் நேரமாகிறது என்றார். அபராதத்தைப் பிறகு கட்டுவதாகச் சொன்னார். அவர் கேட்காமல் நோட்டைத் திறக்கவும் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. இவர் ராதாபுரம் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர்.

"எனக்கே பாடம் எடுக்கியாலே? உன்ன மாதிரி எத்தன பேர பெஞ்சு மேல ஏத்தி நிறுத்தியிருக்கேன் தெரியுமா?"

"அப்பம் ஹெல்மெட்ட எங்க போடணும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காதே சார்" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். இவர் வண்டியைக் கிளப்பப் பார்த்தார். அவர் சாவியில் கை வைத்தார். இவர் கையை ஓங்கினார். ஓங்கியதை நான் பார்த்தேன். முழங்கையிலிருந்த ஹெல்மெட் கைக்கு வந்ததையும், அதோடு சேர்த்து அவர் வாயில் அடித்ததையும் பார்த்தேன்.

வண்டி சாய்ந்தது. பட்டுச்சேலையோடு ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த என் மடியிலிருந்து பிள்ளை வழுக்கினாள். வாயில் ரத்தம் ஒழுக ஒழுக அவர் ஒரு கையால் பிள்ளையை அள்ளினார், மறு கையால் என் தோளைத் தாங்கிப் பிடித்தார். இல்லாவிட்டால் பிள்ளையின் தலை தார் ரோட்டில் மோதியிருக்கும். அவளுடைய பாவாடையில் அவர் ரத்தம் இரண்டு சொட்டு.

இவரைக் கைது செய்து ரிமாண்டு பண்ணினார்கள். நான் படித்தவள், அன்று இரவெல்லாம் செல்போனில் சட்டத்தைப் படித்தேன். வேலையில் இருக்கும் அரசு ஊழியரைத் தாக்கித் தடுத்தால் இரண்டு வருடம் வரை, காயமும் பட்டால் ஐந்து வருடம் வரை. இரண்டு பிரிவிலும் வழக்குப் போட்டிருந்தார்கள். ஜாமீன் நான்காம் நாள்தான் கிடைத்தது. அதற்குள் பள்ளியிலிருந்து சஸ்பெண்ட் உத்தரவு வந்துவிட்டது. தண்டனை ஆனால் வேலையே போய்விடும் என்றார் வக்கீல். பிறகு என் பக்கம் திரும்பி, "நம்ம பக்கமும் ஒரு புகார் இருந்தாத்தான்மா அவங்க இறங்கி வருவாங்க. உங்க மேல அவன் கை பட்டுச்சா இல்லையா?" என்று கேட்டார்.

பட்டது என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மாமனார் தாசில்தார் ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசகத்தை அவர் சொன்னார். "டைப் அடிச்சா வக்கீல் எழுதிக் கொடுத்ததுன்னு தெரிஞ்சிரும். நீயே எழுதும்மா. பைய, நிதானமா எழுது, உன் எழுத்துதான் முத்து முத்தா இருக்குமே." பள்ளியில் கையெழுத்துப் போட்டியில் நான் பரிசு வாங்கியதைக் கல்யாணம் பேச வந்த அன்றே என் அம்மா இவர்களிடம் சொல்லியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, மார்ஜின் விட்டு எழுதினேன். தோளை எழுதவில்லை, பிள்ளையை எழுதவில்லை. தீய எண்ணத்தோடு என் மேல் கை வைத்தார், அதைத் தடுக்கப் போய்த்தான் என் கணவர் கை நீட்டினார் என்று எழுதினேன். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை.

இப்போது அந்தப் போலீஸ்காரரை ஆயுதப்படைக்கு மாற்றிவிட்டார்கள். அவர்மேல் துறை விசாரணை நடக்கிறது. அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்களாம், அந்த வீட்டிலிருந்து இன்னும் பேச்சு வரவில்லையாம். இதை எங்கள் வக்கீல்தான் நல்ல செய்தி மாதிரிச் சொன்னார். மகளின் காது இன்னும் குத்தவில்லை. கம்மல் பீரோவில் இருக்கிறது. அவள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "போலீஸ் மாமா என்னக் கீழ விழாமப் பிடிச்சாங்க" என்கிறாள். மாமனார் உடனே டிவி சத்தத்தைக் கூட்டுகிறார்.

அந்தத் துறை விசாரணையில் வருகிற செவ்வாய்க்கிழமை என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று இவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "உண்மையச் சொல்லீருவோமா?" என்றேன். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சொல்லு. புருசன ஜெயிலுக்கு அனுப்பிட்டு, பொய்ப் புகார் கொடுத்தேன்னு நீயும் பின்னாலயே வா. பிள்ளைய யாரு பாப்பா?" என்று சொல்லிவிட்டு, ரசம் கேட்டார். நான் ஊற்றினேன்.

எது உண்மை என்று எனக்குத் தெரியும். அதை நான் உங்களிடம் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை அங்கே போய் உட்கார்ந்ததும் என் வாயில் எது வரும் என்றுதான் பயமாக இருக்கிறது. புகாரைத் திரும்ப வாங்கினால் அவர் தப்பிப்பாரா? என் வீட்டுக்காரருக்குத் தண்டனை குறைய வழி உண்டா? இவரிடம் சொல்லிவிட்டுப் போவதா, அங்கே உண்மையைச் சொல்லிவிட்டு வந்து இவரிடம் சொல்வதா? இதைப் படிக்கிற உங்களில் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், முதலில் என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். செவ்வாய்க்கு முன் எழுதுங்கள்.